பரிசு கார்டு: போட்டியில் ஜெயித்தால் கிடைக்கும் கார்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் போகிமான், யு-கி-ஓ, மேஜிக், ஒன் பீஸ் என்று கார்டு ஆடுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பெரம்பூர், கொளத்தூர், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று பல பக்கத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ஆட வருகிறார்கள். போட்டி வைக்கிற நாளில் ஆட்டத்தைவிடப் பரிசாகத் தரும் கார்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வண்டியில் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களும் கேட்கிறார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சில கேள்விகளை, கேட்டவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பரிசு கார்டு என்றால் என்ன? கடையில் வாங்கவே முடியாதா?

போட்டியில் ஜெயித்தவருக்கோ கலந்துகொண்டவருக்கோ தருவதற்கென்றே ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் அச்சடிக்கிற கார்டு. உள்ளே என்ன கார்டு இருக்கும் என்று தெரியாமல் கடையில் வாங்கும் பூஸ்டர் பாக்கெட்டைப் பிரித்தால் வராது. அப்புறம், எல்லாப் பரிசு கார்டும் ஒரே தரம் இல்லை. உலகப் போட்டியில் முதலிடம் பிடித்தவருக்கு மட்டும் தருவது உண்டு. பெரிய போட்டிகளில் முதல் சில இடங்களுக்குத் தருவது உண்டு. பதிவு பெற்ற கடையில் வாராவாரம் நடக்கும் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாலே தருவதும் உண்டு. பிள்ளைகள் மூன்றையும் 'ப்ரோமோ' என்றே சொல்வார்கள். விலை கேட்கும்போதுதான் வித்தியாசம் புரியும்.

பரிசு கார்டில் பெரும்பாலானவை புதுக் கார்டே கிடையாது. எல்லாரிடமும் இருக்கும் அதே கார்டுதான். படம் வேறாக இருக்கும், அல்லது ஓரத்தில் ஒரு முத்திரை இருக்கும். பண்டாய் நிறுவனத்தின் ஒன் பீஸ் கார்டுகளில் 'வின்னர்' என்று பொறித்திருப்பார்கள். போகிமானில் கடைப் போட்டிகளுக்கென்று 'ப்ரைஸ் பேக்' என்று தனிப் பாக்கெட்டே இருக்கிறது. உள்ளே இருப்பவை ஏற்கெனவே வெளிவந்த கார்டுகள், 'ப்ளே போகிமான்' முத்திரையோடு. மேஜிக்கில் 2000ல் தொடங்கிய வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களுக்கென்றே தனியாகப் பளபளக்கும் ஃபாயில் கார்டு கொடுத்துவந்தார்கள்.

போகிமான் ஆடும்போது ஆறு கார்டைக் கவிழ்த்து வைக்கிறோமே, அதுவும் ப்ரைஸ் கார்டுதானே?

பேர் ஒன்று, சம்பந்தம் இல்லை. டெக் என்பது ஆடுவதற்கு நீங்களே சேர்த்துக் கட்டிக்கொண்டு வரும் கார்டுக் கட்டு. அதில் இருக்கும் 60 கார்டில் ஆறை எடுத்துக் கவிழ்த்து வைக்கிறீர்கள். எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் அதிலிருந்து எடுக்கலாம், ஆறையும் எடுத்துவிட்டால் வெற்றி. ஆட்டம் முடிந்ததும் அவை உங்கள் டெக்குக்கே திரும்பிப் போகும். "இன்னைக்கு ஆறு ப்ரைஸ் எடுத்தேன்னு சொன்னான், பையில ஒண்ணையும் காணோமே" என்று ஒரு அம்மா கவலையோடு வந்து கேட்டார். காரணம் இதுதான். எவரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது?

மேஜிக் 1993ல் வந்தது. அதன் 1996 உலகப் போட்டி அமெரிக்காவில் சியாட்டிலில் நடந்தது, ஆஸ்திரேலியாவின் டாம் சான்பெங் ஜெயித்தார். அவருக்குக் கொடுத்த கோப்பையில் ஒரு கார்டைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டிக்குள் பதித்திருந்தார்கள். கார்டின் பெயரே '1996 உலக சாம்பியன்'. உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். அச்சுத் தகடுகளையும் அழித்துவிட்டார்கள்.

போகிமான் கார்டு ஆட்டம் ஜப்பானில் 1996 அக்டோபரில் வந்தது. அடுத்த ஆண்டே அதிகாரபூர்வப் போட்டி வைத்து, முதல் மூன்று இடங்களுக்கு 'நம்பர் 1 ட்ரெய்னர்', 'நம்பர் 2 ட்ரெய்னர்', 'நம்பர் 3 ட்ரெய்னர்' என்று கார்டு கொடுத்தார்கள். படத்தில் பிகாச்சு கோப்பையோடு நிற்கும். 1999ல் இன்னொரு வேலை செய்தார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. அந்த ஆண்டின் நம்பர் 1 ட்ரெய்னர் கார்டுதான் 'சீக்ரெட் சூப்பர் பேட்டில்' என்ற இறுதிப் போட்டிக்கு நுழைவுச் சீட்டு. வட்டாரப் போட்டியில் ஜெயித்தவர் கையில் மட்டும் அது இருக்கும். போட்டி எங்கே நடக்கிறது என்பதும் ரகசியம். அலமாரியில் வைத்து அழகு பார்க்கக் கொடுத்த கார்டு அல்ல, கதவைத் திறக்கக் கொடுத்தது.

1998ல் பெற்றோரும் பிள்ளையும் ஒரே அணியாக ஆடும் போட்டி ஒன்றை ஜப்பானில் நடத்தினார்கள். அதில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கங்காஸ்கான் கார்டு, வயிற்றுப் பையில் குட்டியை வைத்திருக்கும் அந்தப் போகிமான். எங்கள் இடத்தில் வாசலோடு போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அப்பாக்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிலர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

ஐம்பது லட்சம் டாலருக்குப் போன பிகாச்சு கார்டு, அது உலகப் போட்டியில் ஜெயித்ததுதானே?

இல்லை. அது 'பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர்'. ஜப்பானின் கோரோகோரோ இதழ் 1997லும் 1998லும் நடத்திய ஓவியப் போட்டிகளில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது. படம் வரைந்தவர் அட்சுகோ நிஷிதா. அதிகாரபூர்வமாக 39 கொடுத்தார்கள், பிறகு இன்னும் இரண்டு வெளியே வந்தன. யூடியூபர் லோகன் பால் 2021ல் அதில் ஒன்றை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் வாங்கியதால்தான் ஊருக்கெல்லாம் தெரிந்தது.

ஆக, கார்டு உலகத்தில் இவ்வளவு பேசப்படும் பரிசு கார்டை வாங்கியவர்கள் கார்டு ஆடி ஜெயித்தவர்கள் இல்லை, வரைந்து ஜெயித்தவர்கள். ட்ராயிங் கிளாஸைக் கட் அடித்துவிட்டு இங்கே வருகிற பையன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.

இதே குழப்பம் யு-கி-ஓவிலும் உண்டு. 'டைலர் தி கிரேட் வாரியர்' என்ற ஒற்றைக் கார்டு 2023ல் மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அதுவும் போட்டிப் பரிசு அல்ல. கடும் நோயிலிருந்து மீண்ட ஒரு சிறுவனின் ஆசைக்காக அச்சடித்தது.

ஜெயித்தவர் முகமே கார்டில் வருமாமே, நிஜமா?

மேஜிக்கில் வந்திருக்கிறது. 'இன்விடேஷனல்' என்று, அழைக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் மட்டும் மோதும் போட்டி ஒன்று இருந்தது. அதில் ஜெயித்தவர் சொந்தமாக ஒரு கார்டை யோசித்துத் தரலாம், படத்திலும் அவர் முகம் இருக்கும். 'டார்க் கான்ஃபிடன்ட்' கார்டில் இருப்பவர் பாப் மாஹர். 2011ல் வந்த 'ஸ்னாப்கேஸ்டர் மேஜ்' கார்டில் இருப்பவர் போர்ச்சுகல் நாட்டின் டியாகோ சான். இரண்டும் அந்த ஆட்டத்தின் மிகப் பிரபலமான கார்டுகள். இந்தப் பரிசு ஜெயித்தவர் பெட்டியில் கிடக்கவில்லை. பாக்கெட்டில் அச்சாகி, அவர் முகத்தை வைத்து எல்லாரும் ஆடினார்கள்.

பரிசு கார்டை டெக்கில் வைத்து ஆடலாமா?

ஏற்கெனவே இருக்கும் கார்டில் முத்திரை மட்டும் போட்டது என்றால், சாதாரணக் கார்டு செல்லுபடியாகும் ஆட்டத்தில் இதுவும் செல்லும். ஒரு கார்டை நான்குக்கு மேல் வைக்கக்கூடாது என்றால் முத்திரை போட்டதையும் சேர்த்துத்தான் நான்கு. "இது வேற படம்ணே" என்பது செல்லாது.

சில கார்டுகள் ஆடுவதற்கே இல்லை. யு-கி-ஓ உலகப் போட்டியில் கொடுத்த சில கார்டுகளில், இதை ஆட்டத்தில் பயன்படுத்தக்கூடாது என்று கார்டிலேயே அச்சடித்திருக்கும். அதில் எழுதியிருக்கும் சக்தியைப் படித்தால் ஏன் என்று தெரியும். அந்தக் கார்டு நேரடியாக அடித்து ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் மூன்று ஆட்டங்கள் கொண்ட மேட்சையே ஜெயித்த கணக்கு!

போகிமானில் உலகப் போட்டி ஜெயித்தவர்களின் டெக்கை அப்படியே அச்சடித்துக் கடையில் விற்பார்கள். 2004 முதல் இந்த வழக்கம். கார்டில் ஆட்டக்காரரின் கையெழுத்து அச்சாகியிருக்கும், பின்பக்கம் வேறு மாதிரி இருக்கும். இது பரிசும் இல்லை, போட்டியில் செல்லவும் செல்லாது. சாம்பியன் கையெழுத்துப் போட்ட பரிசு கார்டு என்று யாராவது பெரிய விலைக்கு நீட்டினால் முதலில் திருப்பிப் பாருங்கள். வீட்டில் ஆடிப் பழக மட்டும் இது அருமையான பொருள்.

அண்ணா, ஜெயிச்சவனுக்கே பவர் கார்டு குடுத்தா அடுத்த தடவையும் அவன்தானே ஜெயிப்பான்?

இதைக் கேட்டது ஏழாம் வகுப்புப் பையன். நிறுவனங்கள் பல வருஷம் கழித்துப் புரிந்துகொண்டதை அவன் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டான்.

யு-கி-ஓவில் 2004 முதல் 2010 வரை 'ஷோனன் ஜம்ப் சாம்பியன்ஷிப்' என்று பெரிய போட்டித் தொடர் நடந்தது. அதில் பரிசாக வந்தவற்றில் ஒன்று 'க்ரஷ் கார்ட் வைரஸ்'. எதிராளியின் களத்திலும் கையிலும் இருக்கும் பலசாலிகளை எல்லாம் ஒரே அடியில் அழித்துவிட்டு, அடுத்த சில முறை அவர் எடுக்கும் கார்டையும் சோதித்து அழிக்கும். அமெரிக்காவில் அந்தக் கார்டு கிடைத்த ஒரே வழி இந்தப் போட்டிதான். போட்டியிலும் செல்லும். அதாவது, ஜெயித்தவரிடமும் பெரும் பணம் கொடுத்து வாங்கியவரிடமும் மட்டும் அந்த ஆயுதம். மற்றவர் எல்லாம் அது இல்லாமலே மோத வேண்டும். கடைசியில் 2009ல் 'கோல்ட் சீரிஸ் 2' பெட்டியில் மறுபடி அச்சடித்து விட்டார்கள். அதற்குள் ஏகப்பட்ட போட்டிகள் முடிந்துபோயின.

போகிமானில் இதே கதை 'ட்ராபிகல் பீச்'. 2011, 2012 உலகப் போட்டிகளுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவுக் கார்டு. வெயில், கடற்கரை, ஜாலியான படம். ஆனால் கையில் ஏழு கார்டு சேரும்வரை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் உங்கள் முறை முடிந்துவிடும் என்று அதன் விதி. முதல் முறையில் தாக்க முடியாத டெக்குகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நினைவுக்குக் கொடுத்தது ஆட்டத்துக்குத் தேவையான பொருளாகிவிட்டது, விலை ஏறிவிட்டது. உலகப் போட்டிக்குப் போகாதவர், போகிற அளவுக்கு ஆட வேண்டுமானால் அங்கே கொடுத்த கார்டை வாங்க வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தது.

நம் பக்கத்தில் கேரம் தெரியாதவர் இல்லை. வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனவர். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். தெருமுனை கேரம் கிளப்பில் போட்டி வைத்து, ஜெயித்தவருக்கு இனிமேல் பாக்கெட் ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று பரிசு கொடுத்தால் ஆட்டம் என்ன ஆகும்? கப்பு கொடுப்பார்கள், சால்வை போடுவார்கள், பணம் கூடக் கொடுப்பார்கள். போர்டு எல்லாருக்கும் ஒன்றுதான்.

அதனால் என் கட்சி இது: பரிசு கார்டு ஜெயித்தவரைப் பெருமைப்படுத்தட்டும், பலப்படுத்தக் கூடாது. அதே கார்டு, வேறு படம், ஒரு முத்திரை என்று இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் போகிற வழி சரியானது. "முத்திரைதானே, இதுல என்ன இருக்கு" என்று அலுத்துக்கொள்கிற பெரிய பையன்களோடு எனக்கு இதில் ஒத்துப்போவதில்லை.

நம்ம ஏரியாப் போட்டியில் என்ன பரிசு தருவீர்கள்?

நிறுவனம் அச்சடிக்கும் பரிசு கார்டுகள் அவர்களிடம் பதிவு செய்த கடைகளுக்கும் அமைப்பாளர்களுக்கும்தான் போகும். மொட்டை மாடியில் பாய் விரித்து ஆடும் எங்களைப் போன்றவர்களுக்கு வராது. யாராவது தெருப் போட்டி வைத்து, நிறுவனத்தின் வின்னர் கார்டு தருவதாக நோட்டீஸ் ஒட்டினால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஒருவர் தன் சொந்தக் கார்டைக் கொடுக்கிறார் என்றால் சரி, அதை அப்படியே சொல்லட்டும்.

நாங்கள் நுழைவுக் கட்டணத்தில் பூஸ்டர் பாக்கெட்டும், கார்டைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் ஸ்லீவும் வாங்கிக் கொடுக்கிறோம். அதோடு சொந்தமாக ஒரு கார்டு. எங்களில் ஓவியம் படித்த பெண் ஒருவர் ராயபுரம் பழைய ரயில் நிலையத்தை வரைந்தார். வரிசையாகத் தூண்கள், முன்னால் ஒரு காக்கா, ஓரத்தில் மீன் கூடை. போகிமான் எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் ஹெச்.பி. போடும் இடத்தில் 1856 என்று எழுதினார், தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்து கிளம்பிய வருஷம். பின்பக்கம் வெறும் நீலம், 'ஆட்டத்துக்கு ஆகாது' என்ற வரியோடு. முதலில் ஒரு பொடியன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "1856 ஹெச்.பி.யா, இத யாராலயும் அடிக்க முடியாதே" என்று வாயைப் பிளந்தான். அடுத்த தடவை அந்தக் கார்டுக்காகவே வந்தவர்கள் உண்டு.

போட்டி 'சுவிஸ்' முறையில் நடக்கும். ஒரே புள்ளி எடுத்தவர்களை ஒருவரோடு ஒருவர் மோத விடுவோம். முதல் ரவுண்டில் தோற்றாலும் வீட்டுக்குப் போக வேண்டாம், கடைசி ரவுண்டு வரை ஆடலாம். எட்டுப் பேர் என்றால் மூன்று ரவுண்டு, பதினாறு பேர் வரை நான்கு, முப்பத்திரண்டு பேர் வரை ஐந்து. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அனுப்புங்கள்.

ஃபைனல் வந்த இரண்டு பேரும் பேசிவைத்துப் பரிசைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா?

இரண்டு பேரும் நண்பர்கள், நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பரிசைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம் என்றால் பல போட்டிகளில் நடத்துபவரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விதி வேறு, அதனால் பேசுவதற்கு முன்பே ஜட்ஜைக் கூப்பிடுங்கள்.

செய்யவே கூடாதது இரண்டு. ஒன்று, "நீ விட்டுக்கொடு, கார்டு உனக்கு" என்று வெற்றியை விலை பேசுவது. இன்னொன்று, பூவா தலையா போட்டு யார் ஜெயித்தது என்று முடிவு செய்வது. மேஜிக்கில் இரண்டுக்கும் கடுமையான தண்டனை உண்டு, போட்டியிலிருந்தே வெளியேற்றவும் கூடும். விளையாட்டாகச் சொன்னேன் என்றாலும் எடுபடாது. பூவா தலையா போட்ட இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினால், மூன்றாவதாக வந்த பையன் கப்போடு வீட்டுக்குப் போவான்.

முத்திரை கார்டு ஒன்றுதான், அதைப் பிரிக்க முடியாது என்பதால்தான் சண்டையே வருகிறது. எங்கள் வழக்கம்: பாக்கெட்டுகளை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள், கார்டு வேண்டுமென்றால் உட்கார்ந்து ஆடுங்கள்.

தம்பி, இது சீட்டாட்டம்தானே? பணம் கட்டி, ஜெயிச்சா பரிசு. சூதாட்டம் இல்லையா?

தாத்தாக்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ரம்மியே பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லியிருக்கிறது. குதிரைப் பந்தயத்தைப் பற்றிய நம் சென்னை வழக்கிலும் 1996ல் அதே வாதம் வந்தது. டெக்கை வீட்டிலேயே யோசித்துக் கட்டிக்கொண்டு வரும் இந்த ஆட்டத்தில் திறமையின் பங்கு இன்னும் அதிகம். தமிழ்நாட்டின் 2022 சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றியது, நேரில் உட்கார்ந்து ஆடும் போட்டிக்காக வந்தது அல்ல.

ஆனால் தாத்தா, உண்மையில் சூதாட்ட வாடை அடிப்பது வேறொரு இடத்தில். போட்டியில் அல்ல, பாக்கெட் பிரிப்பதில். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பத்தும் இருபதும் வாங்கிப் பிரிக்கிற பேரனைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஆடித் தோற்றுவிட்டு வருகிற பேரனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வரி ஒன்று உண்டு. பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 விழுக்காடு வருமான வரி பிடிக்க வேண்டும். லாட்டரியையும் சீட்டாட்டத்தையும் சட்டம் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியாயிற்று என்று உறுதி செய்துகொண்டுதான் நடத்துபவர் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் பரிசுகள் அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஜெயித்த கார்டை விற்கலாமா?

உங்கள் கார்டு, விற்கலாம். ஆனால் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்று செய்யுங்கள். ஜெயித்த அன்றைக்கே கார்டோடு ஒரு படம், முடிவுப் பட்டியலின் படம், போட்டி நடந்த தேதி, இடம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். கார்டு எங்கிருந்து யார் கைக்கு வந்தது என்று காட்ட முடிந்தால் வாங்குபவர் தயங்க மாட்டார். சான்பெங் தன் ஒற்றைக் கார்டை விற்றபோது, அது உண்மையா என்று கேட்க யாருக்கும் வாய்ப்பே இல்லை. ஒன்றுதான் இருக்கிறது, அவர்தான் ஜெயித்தார்.

விலையைப் பார்க்கும்போது, விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள். யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். ஆடுவதற்குத் தேவையான பரிசு கார்டு என்றால் மறுபடி அச்சடித்த அன்று விலை படுத்துவிடும். முத்திரைக்காக மட்டும் மதிப்புள்ளது அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

பத்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களோடு பரிசு கார்டை ட்ரேடு செய்ய, வீட்டிலிருந்து ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இது எங்கள் இடத்தில் கண்டிப்பான விதி. கெஞ்சினாலும் தளர்த்த மாட்டோம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொம்மைக் கடையில் தொங்கும் தங்க நிற பிளாஸ்டிக் போகிமான் கார்டுகள் போலிதான். அதில் ஆராய்ச்சி தேவையில்லை. பிள்ளை ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், டெக்கில் வைக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மற்றவற்றுக்கு, முதலில் பேரைப் பாருங்கள். போகிமான் என்ற ஆங்கிலப் பெயரில் 'இ' எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும், போலியில் அது அடிக்கடி காணாமல் போகும். பின்பக்க நீலம் வெளிறியிருக்கும். பிறகு விளிம்பு: கார்டு ஒரே தாள் அல்ல, இரண்டு தாள்களுக்கு நடுவே கருப்பு அடுக்கு ஒன்று இருக்கும். அதனால் நல்ல கார்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. போலி பளீரென்று காட்டிக்கொடுக்கும். உங்களிடம் இருக்கும் சாதாரண உண்மைக் கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

மேஜிக் கார்டுக்கு நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் போதும். பின்பக்கத்தில் ஐந்து வண்ணப் புள்ளிகள் இருக்கும். அதில் பச்சைப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே நான்கு சின்னச் சிவப்புப் பொட்டுகள், ஆங்கில 'எல்' எழுத்தைப் போல. சௌகார்பேட்டையில் மலிவான லென்ஸ் கிடைக்கும், பள்ளி அறிவியலுக்கும் ஆகும்.

முத்திரை போட்ட கார்டில் வேறு தந்திரம் நடக்கும். கார்டு உண்மை, முத்திரை மட்டும் பொய். நிறுவனம் வெளியிட்ட படத்தோடு முத்திரையின் இடத்தையும் அளவையும் எழுத்து வடிவத்தையும் ஒப்பிடுங்கள்.

தரச்சான்று இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. போகிமான் தொடங்கிய காலத்துச் சோதனைக் கார்டுகள் என்று சான்று பெற்றிருந்த சிலவற்றை ரசிகர்களே 2025 தொடக்கத்தில் துருவிப் பார்த்தார்கள். பல கலர் லேசர் பிரின்டர்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் அச்சடித்த தேதியைத் தாளில் பதித்துவிடும். அந்தப் புள்ளிகள் 2024 என்றன!

கிரேடிங் அனுப்பலாமா?

பி.எஸ்.ஏ. போன்ற அமெரிக்க நிறுவனங்கள் கார்டைப் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தரும். போக வர அஞ்சல், காப்பீடு, கட்டணம், கஸ்டம்ஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கடைப் போட்டியில் வாங்கிய ப்ரோமோவின் விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். வேண்டாம்.

எங்கள் வீடு காசிமேட்டில், கடல் காற்று. கார்டை எப்படிப் பாதுகாப்பது?

கடல் காற்றைவிட அதிலிருக்கும் ஈரம்தான் எதிரி. ஃபாயில் கார்டில் ஒரு பக்கம் தாள், ஒரு பக்கம் மெல்லிய உலோகப் படலம். தாள் ஈரத்தைக் குடித்து விரியும், படலம் விரியாது, அதனால் கார்டு வளையும். பரிசு கார்டுகளில் நிறைய ஃபாயில் என்பதால் இந்தப் புகார் வராத மாதமே இல்லை.

ஜெயித்த உடனே ஸ்லீவில் போடுங்கள். பாலிப்ராப்பிலீன் என்று எழுதியிருக்கும் ஸ்லீவாகப் பார்த்து வாங்குங்கள். பழைய ஆல்பங்களில் வரும் பி.வி.சி. தாள், ஒரு மாதிரி பிளாஸ்டிக் வாசனை அடிக்குமே, அது நாளாக ஆகக் கசிந்து கார்டில் ஒட்டும். ஸ்லீவோடு கெட்டியான உறையில் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பை ஒன்றிரண்டைச் சேர்த்து மூடுங்கள். ஒரேயடியாகக் கைநிறையப் போட வேண்டாம். ரொம்பக் காய்ந்தாலும் கார்டு எதிர்ப்பக்கம் வளையும். புத்தக அலமாரி என்று நினைத்து அந்துருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

வளைந்த கார்டை அயர்ன் பாக்ஸ் வைத்து நிமிர்த்த வேண்டாம். கனமான புத்தகத்துக்கு அடியில், ஈரமில்லாத டப்பாவுக்குள், சில நாள் விட்டால் முக்கால்வாசி சரியாகும்.

மழைக்காலத்தில் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பரண்தான் இடம், ஆனால் தகரக் கூரைக்கு நேர்கீழே இருக்கும் பரண் மே மாதம் அடுப்பாகிவிடும். நடு அறைப் பீரோவின் மேல்தட்டு போதும்.

ஜெயித்த கார்டில் பையன் பேனாவால் தன் பெயரை எழுதிவிட்டான். போச்சா?

விற்கும் விலை போச்சு. அவன் விற்கப் போவதில்லை என்றால் ஒன்றும் போகவில்லை. திட்டாதீர்கள். கார்டின் பெயரும் விதியும் படிக்க முடிகிற மாதிரி இருந்தால் பல போட்டிகளில் ஆடவும் விடுவார்கள். பால்பாயின்ட் அழுத்தத்தில் பின்பக்கம் புடைத்திருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். புடைத்திருந்தால் அது அடையாளம் வைத்த கார்டாகிவிடும், டெக்கில் வைக்க முடியாது. இல்லையென்றால் பின்பக்கம் தெரியாத கெட்டி ஸ்லீவில் போட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஜட்ஜிடம் காட்டிவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.